மெர்லின் கேட்ட காலிப் பீரியட்

1

இந்த வருஷம் காணும் பொங்கலன்று இங்கே ஒஹாயோவில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பொங்கலுக்காக இல்லை, பனிக்காக. முந்தின நாள் மாலை தொடங்கியது விடிந்தும் விழுந்துகொண்டே இருந்தது. எதிர்வீடு, தபால் பெட்டி, வாசலில் நின்ற என் வண்டி, எல்லாம் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டன. எழுந்து ஜன்னல் திரையை விலக்கியதும், நான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று தோன்றியது.

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியதும் ஒரு பொங்கல் வாரத்தில்தான். விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா, கைக்குழந்தையை முந்தானையால் போர்த்திக்கொண்டு, "இன்னாங்க இது, ஊரையே ஃப்ரிட்ஜுல வச்ச மாதிரி இருக்குது" என்றாள். அந்தக் குழந்தையின் தலை தவிர வேறு எதுவும் வெளியே தெரியவில்லை. அது மட்டும் பனியைப் பார்த்துச் சிரித்தது.

அந்தக் குழந்தைதான் மெர்லின். இப்போது பதினோராம் வகுப்பு. சிரிப்பது குறைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கவுன்சிலர் உண்டு. எந்தப் பாடம் எடுப்பது, எதை விடுவது, மனசு சரியில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது, எல்லாவற்றுக்கும் அவர்தான். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் ஊர் கோலியனூரில் நான் அ. சூசைராஜ், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்த அன்று என் அப்பா அந்தோணிசாமி எனக்குக் குடும்பப் பெயர் ஆனார். ஸ்டெல்லாவுக்கு அவள் அப்பா. மெர்லினுக்கு நான். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். மெர்லினைச் சேர்க்கப் போனபோது அலுவலகத்தில் இருந்த அம்மாள் எங்கள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார். மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர்தான் நிற்கிறது என்று விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் எஸ் எழுத்துக்காரர்களின் கவுன்சிலரிடம் அவளைச் சேர்த்தார்கள். அவர் பெயர் மிஸஸ் டாசன்.

புது செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் மிஸஸ் டாசனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். பாடத்தை மாற்ற வேண்டுமானால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள். தூக்கத்தை விட்டுக்கொடுக்காதே. சிரமம் சின்னதாக இருக்கும்போதே யாரிடமாவது சொல். கடைசியில் பெற்றோருக்கும் ஒரு வரி இருக்கும்: பிள்ளையிடம் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். இதில் முதல் பாதி எனக்கு நன்றாகவே வரும்.

விழுப்புரத்தில் நான் படித்த ஃபாதர் ஸ்கூலில் இப்படியெல்லாம் யாரும் வழிகாட்டவில்லை. ஜூன் மாதம் முதல் நாள் கொடி ஏற்றியதும் ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டிவிட்டு, "இது பப்ளிக் எக்ஸாம் வருஷம், ஞாபகம் இருக்கட்டும்" என்பார். கூட்டம் கலைந்துவிடும். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் உண்டு. கணக்கு வாத்தியார் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜன்னல் வழியாகக் காலியான மைதானத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவோம். ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் அறிவிப்பு வெயிலில் மிதந்து வரும். எந்த ரயில், எங்கே போகிறது என்று பாதிதான் கேட்கும். மீதியை நான் கற்பனை செய்துகொள்வேன்.

அப்படி வளர்ந்தவனிடம் என் மகள் வந்து ஒரு காலிப் பீரியட் கேட்டாள்.

3

அவளுக்கு இந்த செமஸ்டரில் கல்லூரித் தரத்து இயற்பியல் கொடுத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் அது கிடைக்கும். ஊரில், திண்டிவனத்தில் இருக்கும் ஸ்டெல்லா வீட்டாருக்குக்கூட நான் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். செமஸ்டர் தொடங்கிய அன்று சாப்பாட்டு மேஜையில் மெர்லின், "ஃபிசிக்ஸ் வேணாம்பா. மாத்திடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"மாத்தி?"

"ஒண்ணும் வேணாம். அந்த பீரியட் காலியா இருக்கட்டும்."

வேறு பாடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் வேண்டாம் என்பவளிடம் எப்படிச் சண்டை போடுவது? "அந்த நேரத்துல என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சில மாதங்களாக எங்கள் பேச்சுவார்த்தையெல்லாம் அந்தத் தோள் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை. ஒரு நாள் காலை அவள் வீடு திரும்பியபோது மெர்லின் ஷூ, பை எல்லாம் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாளாம். "இன்னாடி இங்க உக்காந்துக்கினு கீற?" என்று கேட்டதற்கு, "பஸ் இன்னும் வரலம்மா" என்றாளாம். அன்று சனிக்கிழமை.

"படிக்கிற பிள்ளைக்கு நாள் கிழமை மறக்கத்தான் செய்யும்" என்றேன் நான். ஸ்டெல்லா மறுநாளே மிஸஸ் டாசனிடம் நேரம் கேட்டு எழுதிவிட்டாள். பெற்றோர், மகள், கவுன்சிலர் நான்கு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு. பாடத்தை மாற்ற அந்த வாரம்தான் கடைசி.

எனக்கு இயற்பியல் போய்விடுமே என்ற கவலை இருந்தது உண்மை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு பயமும் இருந்தது. இந்தப் பெண் என்னைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள், எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

4

சந்திப்பு நாளன்றுதான் பனி. ஸ்டெல்லா மருத்துவமனையிலேயே மாட்டிக்கொண்டாள். விடியற்காலையில் மிஸஸ் டாசன், பள்ளி மூடியிருப்பதால் வீடியோவில் சந்திக்கலாம், எட்டு மணிக்கு என்று ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் மூளை வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கம் காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. பள்ளிக்கூடச் சேர்க்கையும் அதில் சேர்த்திதான். அப்பா பேசுவார். தாய்மாமன் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றால் போதும். பிள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருஷம் கடல் குறுக்கே இருந்தது. இப்போதுதான் இணைப்பு இருக்கிறதே!

ஸ்டெல்லாவின் தம்பி சகாயம் திண்டிவனத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன்.

"மெர்லினோட கவுன்சிலர்கூட மீட்டிங் இருக்குது மச்சான். நீயும் இருந்தா நல்லா இருக்கும்."

"கவுன்சிலரா? எந்தக் கட்சி மாமா?"

நம் ஊரில் கவுன்சிலர் என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தேடிப்போகும் ஆள். அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "அப்பிடியா சங்கதி! எம் பொண்ணுக்கு நான் வராம யாரு வர்றது? லிங்க்க ஜல்தி தட்டி வுடு மாமா" என்றான். தட்டிவிட்டேன். தாய்மாமன் வாயாலேயே இயற்பியலின் அருமையைச் சொல்ல வைக்கலாம் என்ற திட்டம் எனக்குள் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காணும் பொங்கல் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

எட்டு மணிக்குத் திரையில் மிஸஸ் டாசன் வந்தார். நரைத்த முடி, கையில் காப்பிக் கோப்பை. மெர்லின் என் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் 'சகாயம் சவுண்ட்ஸ்' என்று இன்னொரு கட்டம் திறந்தது. உள்ளே ஒரு கூடம். விளக்கு வைக்கும் நேரத்து மஞ்சள் வெளிச்சம். நடுவில் சகாயம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவனைச் சுற்றித் தரையிலும் நாற்காலியிலும் கட்டிலிலுமாகக் அவனுடைய கண்டமங்கலத்துச் சித்தி குடும்பம், விழுப்புரத்துக் கொழுந்தியாள், அவர்கள் பிள்ளைகள். ஒரு பக்கம் சகாயத்தின் மனைவி பிலோமினா முறத்தில் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சாய்த்து வைத்த கரும்பும் கூட்டத்துக்கு வந்தது போலவே நின்றது.

"குட் மார்னிங்" என்றார் மிஸஸ் டாசன்.

அந்தக் குட் மார்னிங் திண்டிவனத்தில் இடியாக இறங்கியது. நல்லா கேக்கட்டும் என்று சகாயம் போனைப் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் மாட்டி வைத்திருக்கிறான். தெருவில் நாய்கள் குரைத்தன. மிஸஸ் டாசனுடைய குரலே திரும்பி வந்து அவர் காதில் விழுந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் இவர்கள்?" என்று கேட்டார்.

"மெர்லினின் தாய்மாமன். எங்கள் வழக்கம்" என்றேன் ஆங்கிலத்தில்.

"எல்லோருமா?"

"இல்லை, ஒருவர்தான். மற்றவர்கள் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இன்று எங்களுக்குச் சொந்தக்காரர்களைப் போய்ப் பார்க்கும் திருநாள்."

சகாயம் எழுந்து நின்று கைகூப்பினான். "மேடம், ப்ளீஸ் அட்வைஸ் தி கேர்ள். ஃபிசிக்ஸ் வெரி வெரி இம்பார்டன்ட்" என்றான். கொழுந்தியாளின் வீட்டுக்காரர் தலையாட்டி ஆமோதித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மிஸஸ் டாசன் கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தையே பார்த்தார். பிறகு மெர்லின் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "மெர்லின், இது உன்னுடைய நேரம். யார் இருக்க வேண்டும், யார் வேண்டாம் என்று நீ சொல். நீ சொல்கிறபடி செய்யலாம்."

 நல்ல நாளும் அதுவுமாக எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிடுவாளோ? சொன்னால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு போன் போடுவது? மெர்லின் போர்வையிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"மாமா, மொதல்ல அந்த பாக்ஸ கயட்டுங்க" என்றாள்.

சிறு வயதில் கோடை லீவையெல்லாம் அவள் திண்டிவனத்தில்தான் கழித்தாள். பிலோமினாவின் அடுப்படியில் கற்ற தமிழ் அவளுடையது. நான் வெளியூர்க்காரர்களுக்காகச் செதுக்கிச் செதுக்கி மெருகேற்றிய தமிழைவிட அதில் ஊர் அதிகம்.

"அத்தையும் நீங்களும் மட்டும் இருங்க மாமா. மத்தவங்க கோச்சிக்காதீங்க" என்றாள். கூடம் சத்தமில்லாமல் கலைந்தது. மல்லாட்டை முறத்தைக்கூட ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு போனது. எனக்கு மூச்சு வந்தது. தாய்மாமன் இருக்கிறான், காரியம் கெடவில்லை.

பிறகு மெர்லின் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

5

வெளியே என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு கோட்டை மாட்டிப் பனிவாரியோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அடுத்த அறையில் நின்றால் காது உள்ளேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வலித்தது. அதை வேறு எப்படிச் சொல்வது? பெற்ற அப்பனை அனுப்பிவிட்டு, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவனை வைத்துக்கொண்டு பேசுகிறாள்.

இரண்டு வாரு வாரிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. பனி விழும்போது ஊரே வாய்மூடிக்கொள்கிறது. திரையில் திண்டிவனம் ஒரு சின்ன மஞ்சள் பொட்டாக இருந்தது. மெர்லின் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அந்தக் கைகளை நான் எவ்வளவோ நாளாகப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் விழுப்புரத்தில் நான் இதே மாதிரி ஓர் அறைக்கு வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே ஹெட்மாஸ்டர், என் அப்பா, என் தாய்மாமன். என்ன குரூப் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வேப்பமரத்தடியில் மாடு ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த அசையோடு சேர்ந்து எனக்கும் தூக்கம் வந்தது. அப்பா வெளியே வந்து, "ஃபர்ஸ்ட் குரூப்புடா. வா, காப்பி சாப்டுவோம்" என்றார். நல்ல காப்பி. அந்தக் குரூப் என்னை இந்தப் பனி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே கூப்பிட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

மெர்லினுக்கு அது தெரிந்திருந்தது. அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்குவது ஜன்னலில் தெரிந்தது. உள்ளே ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. பனிவாரியை ஊன்றிக்கொண்டு நின்றேன். வாரிய இடத்தில் மறுபடி பனி மூடிக்கொண்டிருந்தது.

கடைசியில் கதவு திறந்தது.

"உள்ள வாங்கப்பா, எம்மாம் நேரம் நிப்பீங்க" என்றாள். கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் கழுவி வைத்தது போல இருந்தது.

6

முடிவு இதுதான். கல்லூரித் தரத்து இயற்பியல் வேண்டாம், அடுத்த வருஷம் சாதாரண இயற்பியல். அது இருந்த கடைசிப் பீரியட் காலி. வாரம் ஒருமுறை மிஸஸ் டாசனைப் பார்க்க வேண்டும். ஒரு டாக்டரையும் பார்க்க வேண்டும். பெற்றோர் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஸ்டெல்லா மருத்துவமனையிலிருந்தே சரி என்று அனுப்பிவிட்டாள். நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் சரி என்றேன்.

உள்ளே என்ன பேசினாள் என்று சகாயத்திடம் கேட்டேன். "அத நீ பொண்ணுகிட்டயே கேளு மாமா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லிக்கீறேன்" என்றான். ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டுகிற ஆள்! போனைப் பிலோமினா வாங்கிக்கொண்டாள்.

"நாங்க ஒண்ணும் பெருசா பேசலண்ணா. தூங்குறியாடி கண்ணுன்னு கேட்டேன். அதுக்கே அழுதுடிச்சி. அது அழுது முடிக்கிற வரைக்கும் நாங்க இருந்தோம், அவ்ளோதான். எங்களுக்கு அந்தம்மா இங்கிலீஷ்ல பாதி புரியல."

இரண்டு நாள் கழித்துப் பள்ளி திறந்தது. பேருந்து தாமதமாகும் என்றார்கள். நானே வண்டியில் கூட்டிப்போனேன். சாலையின் இரு பக்கமும் பனி மேடு. நடுவில் ஈரமான கறுப்புக் கோடு ஒன்று போய்க்கொண்டே இருந்தது.  கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"என்னை ஏம்மா வெளிய போகச் சொன்ன?"

மெர்லின் கண்ணாடியில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தோளைக் குலுக்குவாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன்.

"நீங்க அங்க இருந்தா நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன்பா" என்றாள். "உங்க மூஞ்சிய பாத்தா எனக்கு அதான் வாயில வருது. நீங்க எங்களுக்காக எவ்ளோ தூரம் வந்துக்கீறீங்க. உங்ககிட்ட எப்பிடி நல்லா இல்லன்னு சொல்றது?"

 இத்தனை வருஷமாக அவள் எனக்குப் பாரம் ஆகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அதைப் பெண் வளர்ந்துவிட்டாள், விலகுகிறாள் என்று மனசுக்குள் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.  

"இப்போ எப்படிம்மா இருக்க?"

பள்ளி வாசல் தெரிந்தது. பிள்ளைகள் தொப்பியும் கையுறையுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மெர்லின் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள். அதை விழுங்கிக்கொண்டாள்.

"நல்லா இல்லப்பா" என்றாள்.

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். உள்ளே மணி அடித்தது. வாசல் காலியானது. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "லேட்டாவுதுப்பா" என்றாள்.

"ஆவட்டும்" என்றேன். "நீ சொல்லு."